சின்னமும் சன்மானமும்

ஒரு தொழிலைத் தொடங்குகிறவர் அதற்குப் பெயர் வைக்கும்போது பெரியவர்களைக் கேட்கிறார், முதல் போடும்போது வங்கியைக் கேட்கிறார், கட்டடம் எழுப்பும்போது வாஸ்து பார்க்கிறவரைக் கேட்கிறார். அந்தத் தொழிலின் முகமாக விளங்கப் போகிற சின்னத்தை வரைவிக்கும்போது மட்டும், வரையத் தெரிந்தவரை விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் கேட்கிறார். வரைகிறவரோ, தம்மை ஒருவரும் கேட்பதில்லை என்ற ஆதங்கத்தில், தாமும் யாரையும் எதையும் கேளாமலே வரைந்து கொடுத்துவிடுகிறார். இந்த இரண்டு மௌனங்களும் சேர்ந்து விளைவிக்கிற மனஸ்தாபங்களை, புணேயை அடுத்த தளேகாவில் ஓர் அச்சகத்தை மேற்பார்வை செய்கிறவன் என்ற முறையில், நான் வெகுகாலமாகக் கவனித்து வருகிறேன். விசிட்டிங் கார்டு, பில் புக், பெட்டியில் ஒட்டுகிற ஸ்டிக்கர் எல்லாம் எங்கள் மேஜைக்குத்தான் வரவேண்டியிருப்பதால், இரு தரப்பாரின் புகார்களும் தவறாமல் என் காதில் விழுகின்றன.

தளேகாவ் தொழிலுக்குப் புதிய ஊர் அன்று. ஆளுக்கொரு பைசா என்று ஜனங்களிடம் திரட்டிய நிதியிலிருந்து, லோகமான்ய திலகரின் ஆதரவோடு, சுதேசி உற்சாகம் மேலோங்கியிருந்த 1908-ஆம் ஆண்டில் பைசா ஃபண்டு கண்ணாடித் தொழிற்சாலை எழுந்தது இங்கேதான். நூறு ஆண்டுகள் கழித்து, 2008-இல், ஜெனரல் மோட்டார்ஸ் கார் ஆலையைத் திறந்தது; 2020 டிசம்பரில் உற்பத்தியை நிறுத்தியது; அந்த ஆலை இப்போது ஹூண்டாயின் கைக்கு வந்துவிட்டது. இப்படிப் பெரிய பலகைகள் மாறுகிற ஊரில், அவற்றின் நிழலில் உதிரி பாகம் செய்து பிழைக்கிற சிறு பட்டறைக்காரர்கள், தமக்கென ஓர் அடையாளம் வேண்டும் என்று நினைப்பது நியாயமே.

அத்தகைய பட்டறைக்காரர் ஒருவர், தாம் வரைவித்த சின்னத்தை எடுத்துக்கொண்டு, வரைந்த பெண்ணையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் அச்சகத்துக்கு வந்தார். மராட்டியர்கள் தென்னாட்டுக்காரரை அழைக்கிற வழக்கப்படி, “அண்ணா, நீங்களே பார்த்துச் சொல்லுங்கள், இது நன்றாக இருக்கிறதா?” என்றார். நன்றாகத்தான் இருந்தது. நீலம் மெல்ல மெல்லக் கரைந்து வெண்மையாகிற பின்னணியில், மயிரிழை போன்ற கோடுகளால் ஆன ஒரு பற்சக்கரம். ஆனால் அவர் தம் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்த இரும்புத் துண்டில் சின்னத்துக்கு ஒதுக்கியிருந்த இடம் சுண்டுவிரல் நகத்தின் அளவுதான். அதில் பஞ்ச் வைத்து அடித்தபோது கோடுகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், பற்சக்கரம் ஒரு தழும்பாகிவிட்டிருந்தது. “இரும்பில் அடிக்கப் போவதாக நீங்கள் சொல்லவே இல்லையே, காகா!” என்றாள் அந்தப் பெண். “நீ கேட்கவே இல்லையே, பேட்டி!” என்றார் அவர். இருவர் சொன்னதும் உண்மை.

தொழில் முறை என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடமில்லாமல் செய்துகொள்வதுதான் என்பது என் அபிப்பிராயம். சின்னம் எங்கே அடிக்கப்படும், எந்தப் பொருளின்மேல், எத்தனை வர்ணத்தில், எவ்வளவு சிறிதாக என்பதைச் சொல்லும் கடமை வரைவிக்கிறவருடையது; சொல்லாவிட்டால் கேட்டு வாங்கும் கடமை வரைகிறவருடையது. இதற்குப் பதிலாக, முன்னவர் “மாப்பிள்ளைக்குச் சூரியன் பிடிக்கும், சம்சாரத்துக்குத் தாமரை பிடிக்கும், நாலைந்து ஆப்ஷன் கொடுங்கள்” என்கிறார். பின்னவர், இவருக்கு ரசனை ஏது என்று மனத்துக்குள் முடிவு கட்டிக்கொண்டு, ஏற்கெனவே வேறெங்கோ வரைந்து வைத்ததன் நிறத்தை மாற்றி நீட்டுகிறார். நோயைச் சொல்லாமல் மருந்தின் நிறத்தை மட்டும் சொல்லுகிற நோயாளியும், நாடி பாராமல் சீட்டு எழுதுகிற வைத்தியரும் சந்தித்தால் எப்படியோ அப்படித்தான் இதுவும் முடிகிறது.

ஆப்ஷன் விஷயத்தில் ஒரு கதை உண்டு. 1986-ஆம் ஆண்டில் ஸ்டீவ் ஜாப்ஸ் தம் புதிய நிறுவனமான நெக்ஸ்ட்டுக்காக பால் ராண்ட் என்ற மூத்த கலைஞரை நாடியபோது, ராண்ட் ஒரு லட்சம் டாலர் பெற்றுக்கொண்டு ஒரே ஒரு சின்னத்தைத்தான் கொடுத்தார். அதோடு, அந்தச் சின்னத்தை எவ்வாறு வந்தடைந்தார் என்பதைப் படிப்படியாக விளக்கும் ஒரு புத்தகத்தையும் கொடுத்தார். தொகையைக் கேட்டு மலைக்கிறவர்கள் அந்தப் புத்தகத்தைக் கவனிப்பதில்லை. ஒன்றுக்குமேல் தரமாட்டேன் என்று சொல்லும் உரிமை, அந்த ஒன்றுக்குக் காரணம் சொல்லத் தெரிந்தவருக்கே உண்டு.

கூலி விஷயத்திலும் ஒரு கதை அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. 1971-இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி நைக்கி நிறுவனத்துக்கு வரைந்து தந்த சின்னத்துக்குப் பெற்றது முப்பத்தைந்து டாலர். 1983-இல் அந்நிறுவனம் அவருக்குத் தன் பங்குகளையும் ஒரு வைர மோதிரத்தையும் அளித்தது. இதை ஏமாற்றத்தின் கதையாகச் சொல்லுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. பேசிய கூலியைப் பேசியபடி கொடுத்தது தொழில். பின்னால் கொடுத்தது நன்றி. நன்றியை நம்பிக் கூலியைப் பேசாமல் விடுவதும், கூலியைக் கொடுத்துவிட்டதனால் நன்றி வேண்டியதில்லை என்று இருப்பதும், இரண்டும் பிழை.

போட்டி வைத்து வரைவிக்கிற வழக்கமும் உண்டு. நம் ரூபாய்க் குறியீட்டுக்கு அரசாங்கம் பொதுப் போட்டி வைத்தது. ஆயிரக்கணக்கில் வந்தவற்றுள் தமிழரான உதயகுமார் வரைந்ததை 2010 ஜூலை 15 அன்று மத்திய மந்திரி சபை ஏற்றது. பரிசு இரண்டரை லட்சம். தேசத்தின் அடையாளத்துக்குத் தேசம் முழுவதையும் அழைப்பதில் அர்த்தம் உண்டு. ஆனால் பில் புக்கில் போடுகிற சின்னத்துக்கும் பத்துப் பேரை வரையச் சொல்லி, ஒருவருக்கு மட்டும் பணம் கொடுத்து, ஒன்பது பேரின் உழைப்பைக் குப்பைக்கூடையில் போடுகிற வழக்கத்துக்கு அந்தப் போட்டியைச் சாக்காகக் காட்டுவது தகாது.

கடைசியில் சண்டை வந்து நிற்கிற இடம் “ஓப்பன் ஃபைல்”, அதாவது சின்னத்தைத் திருத்தக்கூடிய மூலக் கோப்பு. பணத்தில் பாதியை நிறுத்திக்கொண்டு வரைவித்தவர் ஃபைலைக் கேட்பார். ஃபைலை நிறுத்திக்கொண்டு வரைந்தவர் பணத்தைக் கேட்பார். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தை இருவரும் பார்ப்பதில்லை. சம்பளத்துக்கு அமராமல் தனித்து வரைகிறவரே பொதுவாகத் தம் படைப்பின் முதல் உரிமையாளர். அவ்வுரிமை கைமாற எழுத்தும் கையொப்பமும் வேண்டும். அந்த எழுத்தில் காலம் குறிக்காவிட்டால் ஐந்தாண்டு என்றும், எல்லை குறிக்காவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் கொள்ளும். காசு கொடுத்துவிட்டதாலேயே எல்லாம் தமதாகிவிட்டது என்று எண்ணுகிற முதலாளிகளும், வாய்வார்த்தையை நம்பி நிற்கிற இளைஞர்களும் இதை அறிந்துகொள்வது நலம்.

அந்தப் பட்டறைக்காரரின் சின்னம் பின்னர் தடித்த கோடுகளோடு, ஒரே வர்ணத்தில், பல் குறைந்த சக்கரமாகத் திரும்ப வரையப்பட்டது. இரும்பில் அடித்துப் பார்த்து, படிகிறது என்று அவரே சொன்ன பிறகு, மீதிப் பணமும் ஃபைலும் ஒரே நாளில் கைமாறின. சின்னம் வரைவிக்க எண்ணுகிற அன்பர்களுக்கும், வரைந்து கொடுக்கிற இளைஞர்களுக்கும் நான் சொல்லக்கூடியது ஒன்றே: முதல் கோடு விழுமுன் வேலை எது, கூலி எவ்வளவு, எத்தனை முறை திருத்தம், உரிமை யாருக்கு என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திடுங்கள். தாட்சண்யத்தினால் எழுதாமல் விட்ட ஒவ்வொன்றும் பின்னால் பகையாக வளர்கிறது.