பொதுக் கணினியில் தனிக் கடிதங்கள்

பலர் மாறி மாறி அமரும் அலுவலகக் கணினியில் மின்னஞ்சல் மென்பொருளை நிறுவும்போது எழும் சிக்கல்களில் பெரும்பாலானவை மென்பொருளின் பழுதுகள் அல்ல என்பதும், எது கணினிக்கு உரியது, எது அதில் அமரும் ஆளுக்கு உரியது என்ற எல்லை குழம்புவதே அவற்றின் வேர் என்பதும் இத்தொழிலில் பழகியவர் நாளடைவில் கண்டுகொள்ளும் உண்மை. மைக்ரோசாஃப்ட் 365 தொகுப்பிலுள்ள பழைய வகை அவுட்லுக்கை எடுத்துக்கொண்டால், மென்பொருள் கணினி முழுமைக்கும் ஒருமுறை நிறுவப்படுகிறது. ஆனால் கணக்கு விவரங்களைத் தாங்கும் ‘ப்ரொஃபைல்’ என்ற அமைப்பும், சர்வரில் உள்ள கடிதங்களின் நகலைச் சேர்த்துவைக்கும் ஓ.எஸ்.டி. கோப்பும் விண்டோஸில் நுழையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே உருவாகின்றன. காலைப் பணியாளர் எழுந்துபோன இடத்தில் மாலைப் பணியாளர் தம் பெயரில் நுழைந்ததும் மென்பொருள் புதிதாகக் கணக்கைக் கேட்பது இதனால்தானே தவிர, நிறுவியது கெட்டுப்போனதால் அல்ல.

ஆகவே மென்பொருளை நீக்கி மறுபடி நிறுவுவது முதல் வேலையாக இருக்கக் கூடாது. அதே கணினியில் வேறொருவர் நுழைந்தால் திறக்கிறதா, அதே ஆள் வேறொரு கணினியில் நுழைந்தால் திறக்கிறதா என்னும் இரண்டு கேள்விகளுக்கு முதலில் விடை காண வேண்டும். எவர் நுழைந்தாலும் திறக்கவில்லை என்றால் குறை கணினியில் இருக்கிறது. 32-பிட் ஆபிஸ் ஏற்கெனவே உள்ள இடத்தில் 64-பிட் பதிப்பை ஏற்ற முயல்வது இதற்கு அடிக்கடி காணப்படும் காரணம், ஏனெனில் அவை இரண்டும் பொதுவாக ஒன்றாக இருக்க ஒப்புவதில்லை. ஒருவருக்கு மட்டும், அதுவும் இந்தக் கணினியில் மட்டும் மறுக்கிறது என்றால், அவருடைய ப்ரொஃபைலையும் விண்டோஸ் சேமித்து வைத்திருக்கும் பழைய கடவுச்சொல்லையும் பார்க்க வேண்டும். எங்கு சென்றாலும் அவருக்கு மறுக்கிறது என்றால் கணினியைத் தொடவே தேவையில்லை, கணக்கை நிர்வகிப்பவரிடம்தான் செல்ல வேண்டும்.

உரிமத்திலும் இதே எல்லைதான். இத்தொகுப்பை ஒருவர் 5 கணினிகளில் நிறுவிக்கொள்ளலாம். பொதுக் கணினிக்கென உள்ள செயலாக்க முறையில் நிறுவினால் அக்கணினி இந்த எண்ணிக்கையில் சேராது.

எல்லோரும் ஒரே விண்டோஸ் பெயரில் நுழையும் வழக்கமே இவை அனைத்திலும் கேடானது, ஏனென்றால் அங்கே ஒருவரின் கடிதப்பெட்டி அடுத்தவர் முன் திறந்து கிடக்கிறது. வேலை கூடினாலும் ஆளுக்கொரு நுழைவு அமைத்துக் கொடுப்பதே முறை.

இன்னொன்றையும் இப்பணிக்கு வருவோர் மனத்தில் இருத்த வேண்டும். கடிதங்களைச் சர்வரிலிருந்து கணினிக்கு இறக்கிக்கொள்ளும் ‘பாப்’ முறையில், சர்வரில் நகலை விட்டுவைக்கும்படி அமைக்காதிருந்தால், அவை கணினியிலுள்ள பி.எஸ்.டி. கோப்பில் மட்டுமே எஞ்சும். அக்கோப்போ வழக்கமாகப் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள்தான் இருக்கும். ஓ.எஸ்.டி. கோப்பு அழிந்தால் கடிதங்கள் சர்வரிலிருந்து மீண்டும் இறங்கிவிடும், பி.எஸ்.டி. அழிந்தால் இறங்காது. எனவே இடம் போதவில்லை என்று பழைய பயனரின் கோப்புறையை நீக்குமுன், அதற்குள் பி.எஸ்.டி. இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, இருந்தால் வேறோர் இடத்தில் படியெடுத்து வையுங்கள்.