லத்தீன் யாருக்கு?

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரேட் பாரிங்டன் என்ற சிற்றூர். அங்குள்ள உயர்நிலைப் பள்ளியில் ஆங்கிலத்தோடு லத்தீனும் கிரேக்கமும் படித்து 1884இல் வெளியே வந்தார், கறுப்பின மாணவர் டு பாய்ஸ். அந்தப் பாடங்களை எடுக்கச் சொன்னவர் தலைமையாசிரியர் பிராங்க் ஹாஸ்மர். லத்தீன் இல்லாமல் அன்று பெரிய கல்லூரிகளில் இடமில்லை. 1895இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் டு பாய்ஸ்தான்.

பம்பாயில் அண்ணல் அம்பேத்கருக்குப் பள்ளியிலேயே சமஸ்கிருதம் மறுக்கப்பட்டது, பாரசீகம் படித்தார். 1946இல் இருவரும் கடிதம் எழுதிக்கொண்டது ஆங்கிலத்தில்.

பத்தாவது முடித்த எங்களிடம், "உங்களுக்குத் தொழிற்பிரிவு போதும்" என்றார்கள். இன்றும் சேரிப் பிள்ளைகளிடம் அதையே சொல்கிறார்கள். அதனால்தான் பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்கு அவர்களோடு நாங்களும் போகிறோம். எந்தக் குரூப் என்பதைப் பிள்ளை சொல்லட்டும்.