தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் முன்

வாலிகண்டபுரத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வாலீசுவரர் கோயிலைப் பார்க்க வருகிறார்கள். நான் பார்க்க விரும்பியது, அங்கிருந்து பெரம்பலூர் வரை நெடுஞ்சாலையை ஒட்டி நடக்கும் வண்டிப் பட்டறை வேலையை. திருச்சிக்கும் சென்னைக்கும் இடையே இரவு பகலாக ஓடும் லாரிகள், அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றும் டிப்பர்கள், எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு இழுக்கும் டிராக்டர்கள், மக்காச்சோளம் அடிக்கும் இயந்திரங்கள் என்று இந்த வட்டாரத்தில் ஓடும் எல்லாவற்றுக்கும் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. இன்ஜின் சூடேறுவதுதான் அது. ‘வண்டி ஹீட் ஆகுது, தண்ணி குடிக்குது’ என்று ஓட்டுநர் சொன்னால், பல ஆண்டுகளாக நடக்கும் முதல் வைத்தியம் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிவிட்டு அதன் கூட்டை வெறுமனே மூடி அனுப்புவது. இந்த வழக்கம் இன்ஜினைக் கெடுக்கிறது என்பது என் கட்சி. ஆனால் இதற்கு மெக்கானிக்கின் அறியாமையைக் காரணம் காட்டுவதை நான் ஏற்கவில்லை. கோளாறைக் கண்டுபிடிக்கும் வேலைக்கு வண்டிக்காரர்களாகிய நாம் கூலி தருவதில்லை. கழற்றும் வழக்கம் உயிரோடு இருப்பதற்கு அதுதான் வேர்.

முதலில் அந்த வால்வு என்ன செய்கிறது என்று பார்க்கலாம். உள்ளங்கையில் அடங்கும் சிறு பொருள். நடுவில் ஒரு பித்தளைக் குப்பி. அதற்குள் செம்புத் தூள் கலந்த மெழுகு. மெழுகுக்கு நடுவே ரப்பர் உறைக்குள் ஒரு எஃகு ஊசி. மெழுகு உருகும்போது அதன் கனஅளவு பத்தில் ஒரு பங்குக்கு மேல் பெருகும். அந்த நெருக்கலில் ஊசி வெளியே தள்ளப்பட, ஸ்பிரிங்கை எதிர்த்து வால்வு திறக்கும். 1930-களில் அமெரிக்காவில் செர்ஜியஸ் வெர்னே உருவாக்கிய ஏற்பாடு இது. மின்சாரம் வேண்டாம், கம்பி வேண்டாம். பல டீசல் இன்ஜின்களில் 82 டிகிரி செல்சியஸ் அளவில் திறக்கத் தொடங்கி, 95 டிகிரியை ஒட்டி முழுவதும் திறந்துவிடும். திறக்கத் தொடங்கும் சூட்டின் எண் வால்வின் உடம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வால்வு திறக்கும்வரை தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் வழியாக இன்ஜினுக்குள்ளேயே சுற்றி வரும். இன்ஜினைச் சீக்கிரம் வேலைச் சூட்டுக்குக் கொண்டுவருவதும், பிறகு அந்தச் சூட்டிலேயே நிறுத்திவைப்பதும் இந்த மெழுகின் பொறுப்பு.

பட்டறைகளில் எப்போதும் சொல்லப்படும் பதில், ‘இதெல்லாம் குளிர் நாட்டுக்கு, நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு?’ என்பது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. பெரம்பலூரில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது வண்டியைச் சூடேற்ற ஒரு கருவி எதற்கு என்று யாருக்கும் தோன்றும். ஆனால் இந்த வால்வுக்கு வெயிலும் தெரியாது, பனியும் தெரியாது. தன்னைச் சுற்றி ஓடும் தண்ணீரின் சூடு மட்டுமே தெரியும். வெளியே 40 டிகிரி என்றாலும் இன்ஜினுக்கு வேண்டிய சூட்டில் பாதிதான் அது. மீதிப் பாதியை இன்ஜின் தானே ஏறிக் கடந்தாக வேண்டும். ஏறி முடித்ததும் வால்வு முழுவதும் திறந்துகொள்கிறது. நண்பகலில் பாரம் இழுக்கும் லாரியில் நல்ல நிலையிலுள்ள வால்வு அடைத்துக்கொண்டு நிற்பதே இல்லை. வெயில்தான் காரணம் என்றால், அந்த வெயிலில் வால்வு ஏற்கெனவே வழிவிட்டு ஒதுங்கியிருக்கிறது.

இதைவிட வலுவான சான்று பைபாஸ் அமைப்பில் இருக்கிறது. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட்டின் அடிப்புறத்தில் இன்னொரு தட்டு உண்டு. மேல் வால்வு ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே, கீழ்த்தட்டு இறங்கி பைபாஸ் வழியை மூடும். இத்தகைய வால்வைக் கழற்றிவிட்டால் பைபாஸ் என்றைக்கும் திறந்தே கிடக்கும். தண்ணீர் தடை குறைந்த வழியைத்தான் தேடும். ரேடியேட்டரின் நுண்குழாய்களைவிட பைபாஸ் சுலபமான வழி. ஆகவே சுடுநீரில் ஒரு பெரும்பங்கு ஆறாமலேயே இன்ஜினுக்குத் திரும்பி வருகிறது. சூட்டைக் குறைக்கச் செய்த வேலை, பாரம் ஏறும்போது சூட்டைக் கூட்டுகிறது. அப்போது பழி வாட்டர் பம்பின் மேல் விழும், பிறகு ரேடியேட்டரின் மேல், கடைசியில் ஹெட் கேஸ்கட்டின் மேல். ஒவ்வொன்றும் ஒரு செலவு.

பைபாஸ் தட்டு இல்லாத பழைய வகை இன்ஜின்களில் கதை வேறு. அவற்றில் வால்வைக் கழற்றினால் சூடு உண்மையிலேயே குறையும். மூத்த மெக்கானிக்குகள் தங்கள் கைப்பழக்கத்தில் கண்டது பொய்யல்ல, அதை மதிக்க வேண்டும். வால்வுக்கு ஆதரவாகப் பேசுகிறவர்கள் சிலர், வால்வு இல்லாவிட்டால் தண்ணீர் வேகமாக ஓடி ரேடியேட்டரில் ஆறுவதற்கு நேரமில்லாமல் போகும் என்று விளக்குவதையும் நான் ஏற்க மாட்டேன்; ஓட்டம் கூடினால் பொதுவாக வெப்பம் கைமாறுவதும் கூடத்தான் செய்யும். தவறான காரணத்தைக் காட்டி சரியான முடிவை நிறுவ முயன்றால், அனுபவமுள்ள ஒருவர் அந்தக் காரணத்தை உடைக்கும்போது முடிவும் சேர்ந்து உடைந்துபோகும். உண்மையான இழப்பு வேறிடத்தில் நடக்கிறது. சூடு போதாத இன்ஜினில் டீசல் முழுவதும் எரிவதில்லை. எரியாத எண்ணெய் சிலிண்டர் சுவரில் உள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி இன்ஜின் ஆயிலை நீர்க்கச் செய்கிறது. எரிவில் உண்டாகும் நீராவி குளிர்ந்த சுவரில் படிந்து, கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி அரிக்கிறது. மைலேஜ் குறைகிறது, ரிங்கும் லைனரும் தேய்கின்றன. இந்தத் தேய்மானம் மெல்ல நடப்பதால், பட்டறையை விட்டு வெளியே போன வண்டியின் மீட்டர் முள் கீழே இருப்பதைப் பார்த்து எல்லாரும் நிம்மதி அடைகிறார்கள். ரீபோர் செலவு வரும்போது அதற்கும் அன்றைக்குக் கழற்றிய வால்வுக்கும் உள்ள தொடர்பை யாரும் நினைப்பதில்லை.

அப்படியானால் இந்த மண்ணில் இன்ஜின்கள் சூடேறுவது எதனால்? முதல் காரணம் தண்ணீர். பெரம்பலூர் மாவட்டத்தின் கிழக்குப் பகுதியும் அரியலூரும் ஒரு காலத்தில் கடலடியாக இருந்த நிலம். சாத்தனூர்க் கல்மரமும், சிமெண்ட் ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக்கல்லும் அந்தக் கடல் விட்டுச்சென்றவை. கடினநீர் தரும் கிணறுகளும் போர்வெல்களும் இந்த வட்டாரத்தில் நிறைய. வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிவதுபோலவே, அந்தத் தண்ணீரை ஊற்றிய இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டிலும் சுண்ணப் படிவு ஏறும். வார்ப்பிரும்போடு ஒப்பிட்டால் அந்தப் படிவு வெப்பத்தைக் கடத்தும் திறன் இருபதில் ஒரு பங்கு அளவுக்குக்கூடத் தேறாது. மீட்டரில் தண்ணீரின் சூடு சரியாகத் தெரிந்தாலும் உள்ளே உலோகம் வெந்துகொண்டிருக்கும். இரண்டாவது, கரும்புச் சோகையும் மக்காச்சோளத் தூசியும். டிராக்டர் பாரம் இழுத்து மெதுவாக நகரும்போது எதிர்க்காற்று கிடையாது. ஃபேன் இழுக்கும் காற்றுதான் எல்லாம். அந்தக் காற்றோடு வரும் சோகைத் துணுக்கு ரேடியேட்டரின் முகத்தில் பாயாகப் படிந்துவிடுகிறது. இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்புறமாகக் காற்றடித்தால் போகக்கூடிய அடைப்பு அது. முன்னாலிருந்து அழுத்தமாகத் தண்ணீர் அடித்தால் துணுக்கு இன்னும் உள்ளே இறுகும், தகடுகளும் மடங்கும். மூன்றாவது, ரேடியேட்டர் மூடி. 0.9 பார் அழுத்தம் தாங்கும் மூடி, தண்ணீரின் கொதிநிலையை 118 டிகிரிக்கு அருகே உயர்த்துகிறது. ரப்பர் செத்துப்போன மூடி 100 டிகிரியிலேயே கொதிக்க விட்டுவிடும். மூடி மாற்ற வேண்டிய இடத்தில் வால்வைக் கழற்றுவதால் என்ன பயன்?

இவற்றைப் பிரித்தறிய விலையுயர்ந்த கருவி தேவையில்லை என்பதுதான் இந்தத் தொழிலில் என்னை ஈர்ப்பது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து மேல் ஹோஸ் பைப்பைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். முதல் நிமிடத்திலிருந்தே அது மெல்ல மெல்லச் சூடானால் வால்வு திறந்த நிலையில் சிக்கியிருக்கிறது, அல்லது முன்பே எவரோ கழற்றிவிட்டிருக்கிறார்கள். மீட்டர் முள் சிவப்புக்குப் போயும் மேல் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் வால்வு மூடிய நிலையில் செத்துவிட்டது. மெழுகு கசிந்து வெளியேறிய வால்வு இப்படித்தான் போகும், ஏனென்றால் ஸ்பிரிங் அதை மூடியே வைக்கும். மேலும் கீழும் ஒரே அளவு கொதித்தால் வால்வைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, ரேடியேட்டருக்குக் காற்று போகவில்லை. குளிர்ந்த நிலையில் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்ததும் இடைவிடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். வால்வின் மேல் இன்னும் சந்தேகம் இருந்தால் நூலில் கட்டி வெந்நீரில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரோடு பார்த்தால் எந்தச் சூட்டில் திறக்கிறது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். கடைகளில் வரும் போலி வால்வுகளை நம்ப முடியவில்லை, அதனால்தான் மாட்டுவதில்லை என்ற வாதத்துக்கும் இந்த வெந்நீர்ச் சோதனையே பதில். புது வால்வையும் மாட்டுமுன் இப்படிப் பார்த்துவிடலாம். மாட்டும்போது காற்று வெளியேறும் சிறு ஊசித்துளை மேல்பக்கம் இருக்க வேண்டும். அதைக் கவனிக்காமல் கீழே வைத்து, காற்றடைப்பால் சூடேறி, நல்ல வால்வு குற்றவாளியான வண்டிகளும் உண்டு.

தொட்டுப் பார்த்துக் கோளாறு அறியும் இந்த முறை நம் நெடுஞ்சாலைக்கு மட்டும் உரியதல்ல. லண்டன் போன்ற குளிர்நாட்டு நகரங்களில் தமிழர்கள் குடியிருக்கும் பல வீடுகளில் அறைக்கு அறை சுடுநீர் ரேடியேட்டர் இருக்கிறது. அதன் ஓரத்தில் 1 முதல் 5 வரை எண் போட்ட குமிழ் ஒன்றும் இருக்கும். 1943-ல் டென்மார்க்கின் மாட்ஸ் கிளாவுசன் கண்டுபிடித்த வால்வு அது. அதன் தலைக்குள்ளும் மெழுகோ திரவமோ விரிந்து ஒரு ஊசியைத் தள்ளுகிறது. வித்தியாசம், இது தண்ணீரின் சூட்டைப் பார்க்காமல் அறையின் சூட்டைப் பார்க்கிறது. அறை சூடேறினால் வழியை மூடுகிறது. அங்கேயும் அறை குளிர்ந்தால் முதல் பழி வால்வுக்குத்தான். கோடை முழுவதும் மூடிக் கிடந்து ஊசி ஒட்டிக்கொள்வது உண்மையான கோளாறுதான். குமிழைக் கழற்றி ஊசியை மெதுவாக அழுத்தி அழுத்தி விட்டால் பெரும்பாலும் விடுபடும். ஆனால் ரேடியேட்டர் மேல்பக்கம் மட்டும் குளிர்ந்திருந்தால் உள்ளே காற்று தேங்கியிருக்கிறது, அடிப்பக்கம் நடுவில் குளிர்ந்திருந்தால் துருச்சேறு படிந்திருக்கிறது. அங்கும் கை வைத்துப் பார்த்தே பிரித்தறிகிறார்கள். அந்த நாடுகளில் ஃபிட்டர் வீட்டு வாசலை மிதித்தாலே ஒரு கட்டணம் உண்டு. ஊசியை அழுத்திவிட்டு ஐந்து நிமிடத்தில் கிளம்பினாலும் அது உண்டு.

நம் பட்டறைக்கு அந்த வசதி கிடையாது. அரை மணி நேரம் ஹோஸைத் தொட்டுப் பார்த்து ‘மூடியை மட்டும் மாத்துங்கண்ணே’ என்று சொல்லும் மெக்கானிக்குக் கிடைப்பது பெரும்பாலும் டீக்காசு. எதையாவது பிரித்துப் போட்டு மாட்டினால்தான் கூலி. ‘சும்மா பாத்ததுக்கா காசு?’ என்று கேட்கிற நாம்தான் அவரைப் பிரித்துப் போடும் வேலைக்குத் தள்ளுகிறோம். லோடு ஏற்றிய லாரியை நிறுத்தி, வாடகை போகிறதே என்று ஓட்டுநர் பக்கத்தில் நிற்கும்போது, இன்ஜின் ஆறும்வரை காத்திருக்க யார் விடுகிறார்கள்? சூடான மூடியை அவசரத்தில் திறந்து முன்னங்கையில் வெந்நீர்த் தழும்பு வாங்கிக்கொள்வதும் இந்த நெருக்கடியில்தான். பித்தளை ரேடியேட்டர் காலத்தில் மேல்தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுக் குத்தி, ஈயம் வைத்துப் பற்றவைத்தவர்கள் ஈயப்புகையைச் சுவாசித்தே அந்த வேலையைச் செய்தார்கள். ரேடியேட்டர் பற்றவைப்போரின் ரத்தத்தில் ஈயம் ஏறுவது பல நாடுகளில் பதிவான தொழில்நோய். இப்போது வருகிற அலுமினிய, பிளாஸ்டிக் ரேடியேட்டர்கள் பற்றவைக்க இடம் தருவதில்லை. அந்தக் கூலியும் போய்விட்ட நிலையில், அவர்களிடம் மிஞ்சியிருக்கும் சொத்து கோளாறை அறியும் அறிவு ஒன்றுதான்.

நடுராத்திரியில் நெடுஞ்சாலையில் வால்வு மூடிக்கொண்டு வண்டி நின்றால் என்ன செய்வது என்று கேட்கலாம். கழற்றிவிட்டு, தண்ணீர் ஊற்றி, முள்ளைப் பார்த்துக்கொண்டே மெதுவாக ஊர் போய்ச் சேர வேண்டியதுதான். அந்த நேரத்தில் அது சரியான முடிவு. ஆனால் ஊர் சேர்ந்த பின் புதியதை மாட்டாமல் விடக்கூடாது. பல வண்டிகளுக்கு இந்த வால்வு சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. தண்ணீர் மட்டும் ஊற்றி ஓட்டியவர்கள் கூலண்டுக்கும், கூலண்டோடு கலக்க உப்பு நீக்கிய தண்ணீருக்கும் மாறினால் படிவுத் தொல்லையும் குறையும்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தபின் இந்த வாதத்தில் ஒரு பக்கம் தானாகவே முடிந்துவிட்டது. புதிய இன்ஜினின் கம்ப்யூட்டர், தண்ணீர் இத்தனை நேரத்தில் இத்தனை சூட்டுக்கு வர வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறது. வராவிட்டால் கோளாறு விளக்கை எரியவிடும். சூடு போதாவிட்டால் புகைக்கரியை வடிகட்டும் பில்டர் தன்னைத் தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும் வேலையைத் தொடங்காமல் போகலாம். பில்டர் அடைத்தால் வண்டி இழுக்காது. அதன் விலைக்கு முன்னால் தெர்மோஸ்டாட்டின் விலை பொருட்டே அல்ல. ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்து ஸ்கேனர் பிடிக்கத் தெரிந்த இளைஞர்கள் இப்போது பட்டறைகளுக்கு வருகிறார்கள். ஸ்கேனர் மாட்டிப் பார்ப்பதற்குத் தனியாகப் பணம் கேட்டால் வண்டிக்காரர்களும் கொடுக்கிறார்கள். ஹோஸைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் அண்ணனுக்கும் அதே கட்டணத்தை எழுதிப் பலகையில் மாட்டலாம். கோளாறு பார்க்க இவ்வளவு, வேலை செய்தால் அதில் கழித்துக்கொள்ளப்படும் என்று. வாலிகண்டபுரத்தில் ஒரு பட்டறை இதைத் தொடங்கினாலே, அடுத்த கரும்புப் பருவத்தில் சோகை அடைத்த டிராக்டர் வந்து நிற்கும்போது அங்கே எடுக்கப்படும் முதல் கருவி ஸ்பேனராக இருக்காது.