நீல நாடா

பொதுச்சுவர்க் கடிதத்தில் கையெழுத்திடப் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தேன். இரு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவரைக் குடைந்து இரும்பு உத்தரம் ஏற்றுவதென்றால், 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு மாதம் முன்பே அயலவருக்கு அறிவிக்க வேண்டும். கையெழுத்து ஒரு நிமிட வேலை. தேநீர் வந்தது, இருந்துவிட்டேன்.

லண்டன் ஹரோவில் 1930களில் வரிசையாகக் கட்டிய வீடு. மாடியில் இரண்டு அறை. மூன்றாவது, கட்டில் போட்டால் கதவு திறக்காத சின்ன அறை. அதுதான் சாமியறை.

இனிக் கூரைக்குள்ளும் அறை எடுக்கப் போகிறார்கள். பில்டர் தம்பி ஏணியில் ஏறி, இடுப்புவரை கூரைக்குள் மறைந்தார்.

"முகட்டுக்குக் கீழை ரெண்டு நாற்பது இருக்கு அண்ணை. தளமும் பஞ்சும் போக ரெண்டு பத்து நிக்கும். காணும்."

வீட்டுக்கார அண்ணர் கொப்பியில் குறித்தார். திட்ட அனுமதி கேட்காமல் 40 கன மீட்டர்வரை கூட்டலாம், பின்பக்கம்தான், தெருப்பக்கக் கூரையைத் தாண்டி நீட்டக்கூடாது. இப்போதுள்ள மரங்கள் கீழ்க்கூரையை மட்டும் தாங்குபவை, தளத்துக்குப் புதிதாகப் போடவேண்டும். படியோரக் கதவுகள் இருபது நிமிடமாவது நெருப்பைத் தாங்க வேண்டும். அவர் எழுத எழுத, ஒரே அறையில் படுக்கும் இரண்டு பெண்களும் எந்த ஜன்னல் யாருக்கு என்று கிசுகிசுத்தார்கள். மூத்தவளுக்கு இந்த வருடம் பெரிய சோதனை. இரவில் குளியலறை விளிம்பில் இருந்து படிக்கிறாளாம்.

"படி எங்கை வரும்?" அக்கா கேட்டார்.

மேலே போகிற படி கீழே எங்காவது இறங்கித்தான் ஆகவேண்டும். தலைக்கு மேல் 2 மீட்டர் விடவேண்டும். தம்பி சாமியறை வாசலில் செருப்பைக் கழற்றினார். குனிந்து, நீல நாடாவைத் தரையில் ஒட்டிக்கொண்டு போனார். அது பிள்ளையார் தட்டுக்கு நேர்கீழே போய் நின்றது.

"மற்றப் பக்கம் கூரை பதிஞ்சு போகுது அக்கா. தலை இடிக்கும்."

ஒருவரும் பேசவில்லை. மூத்தவள் மட்டும் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"வைக்கட்டும்," என்றார் அக்கா.

தம்பி போன பிறகும் அண்ணர் அளவு நாடாவோடு அந்தச் சுவரையே அளந்துகொண்டிருந்தார், மறுபடி மறுபடி. பொழுதுபட்டது. அக்கா கால் கழுவிவிட்டு வந்தார். நீலக்கோட்டை மிதிக்காமல் எட்டி வைத்து, விளக்கை ஏற்றினார்.