இழுப்பறையின் அடிப்பக்கம்

மனிதனுடைய அறிவை அளப்பதற்கு உலகத்தில் எத்தனையோ பரீட்சைகள் இருக்கின்றன. நம்முடைய அறிவை அளந்தது ஒரு பழைய மரப் பெட்டி. அந்தப் பரீட்சையில் நாம் பெற்ற மார்க்கு பூஜ்யம். இந்த வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிட்டால்தான், ஆர்தர் நீகஸ் என்னும் இங்கிலீஷ் ஏலக்காரரைப் பற்றி நாம் எழுதப் புகுந்த காரணம் நேயர்களுக்கு விளங்கும்.

நம் அத்தையிடம் தோதகத்தி மரத்தால் செய்த பெட்டி ஒன்று இருந்தது. மூலைகளில் பித்தளைத் தகடு. உள்ளே மூன்று சிறிய இழுப்பறைகள். அத்தையின் பாட்டி கல்யாணச் சீராகக் கொண்டு வந்ததாம். சுமார் முப்பது வருஷங்களுக்கு முன்பு கிராமத்து வீட்டை விற்றுவிட்டு, பட்டணத்தில் ஒற்றை அறைக்குக் குடிபோக வேண்டிய நிலைமை அத்தைக்கு ஏற்பட்டது. பெட்டிக்கு அங்கே இடமில்லை. "நீ படித்தவன் ஆயிற்றே, அப்பா! இது என்ன பெறும் என்று சொல்லேன்" என்று நம்மைக் கேட்டாள். "பழைய மரந்தானே, அத்தை? வந்த விலைக்குக் கொடுத்துவிட்டால் போகிறது" என்று நாம் சர்வ சாதாரணமாய்த் தீர்ப்புச் சொன்னோம்.

பழைய சாமான் வியாபாரி ஒருவர் வந்தார். பெட்டியின் மேல்பக்கத்தை அவர் பார்க்கவேயில்லை. ஓர் இழுப்பறையை வெளியே எடுத்துக் கவிழ்த்து, அதன் அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் மெதுவாகத் தடவினார். செல் அரித்திருக்கிறதா என்று பார்க்கிறார் போலும் என்று நாம் எண்ணிக் கொண்டோம். "உளுத்த மரம், அம்மா! பித்தளைக்காக வேண்டுமானால் ஏதோ கொடுக்கலாம்" என்று சொல்லி, இருநூற்றைம்பது ரூபாயை எண்ணி வைத்தார். பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றுவதற்கு நாமே ஒரு கை கொடுத்தோம்.

சில மாதங்களுக்கெல்லாம் சென்னையில் ஒரு பெரிய கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அதே பெட்டி மெருகேறி உட்கார்ந்திருந்ததைக் கண்டோம். விலைச் சீட்டில் எழுதியிருந்த தொகை, அத்தையின் இரண்டு வருஷத்து அரிசி பருப்புக்குப் போதுமானது.

நிற்க. பல வருஷங்கள் கழித்து, பி.பி.சி.யின் பழைய டெலிவிஷன் படம் ஒன்றைப் பார்க்க நேர்ந்தது. மூக்குக் கண்ணாடி அணிந்த முதியவர் ஒருவர் ஒரு மர அலமாரியின் முன் நின்றார். இழுப்பறையை வெளியே எடுத்தார், கவிழ்த்தார், அடிப்பக்கத்தைத் தடவினார். நமக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே கை! அதே தடவல்! ஆனால் இந்த மனுஷர் தாம் கண்டதை வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினார். அவர்தான் ஆர்தர் நீகஸ்.

நீகஸ் 1903-ஆம் வருஷம் ரெடிங் நகரில் பிறந்தவர். தகப்பனார் நேர்த்தியான மேஜை, அலமாரிகள் செய்யும் தச்சர். அவர் காலமானபோது பிள்ளைக்கு வயது 17. கடைப் பொறுப்பு இளைஞர் தலையில் விழுந்தது. சுமார் இருபது வருஷம் பழம்பொருள் வியாபாரம் செய்தார். யுத்தம் முடிந்த பிறகு, 1946-இல், குளோஸ்டர் நகரத்தில் புரூட்டன் நோல்ஸ் என்ற ஏலக் கம்பெனியில் பொருள்களை மதிப்பிடும் வேலையில் அமர்ந்தார். 1972-இல் அந்தக் கம்பெனியிலேயே கூட்டாளியும் ஆனார்.

கடையை விட்டு ஏலக் கம்பெனிக்குப் போனதை வெறும் உத்தியோக மாறுதல் என்று நினைத்துவிடக் கூடாது. வியாபாரி பொருளை வாங்குகிறவர். விற்பவருக்கு எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ, அவ்வளவுக்கு அவருக்கு லாபம். ஏலக்காரரோ விற்பவரின் காரியஸ்தர். விலை ஏற ஏற அவருடைய கமிஷனும் ஏறும். ஆகவே, உண்மையைச் சொல்வதுதான் அவருக்கு லாபம். ஒரே அறிவு, மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தால் ஒரு விதமாயும், அந்தப் பக்கம் உட்கார்ந்தால் வேறு விதமாயும் பேசுகிறது! வியாபாரிகளிலும் யோக்கியர்கள் உண்டு. ஏலக்காரர்களிலும் மறுவிதமானவர்கள் உண்டு. தராசு எந்தப் பக்கம் சாய்வதற்கு வசதியாயிருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறோம்.

ஏலத்திலும் மோசம் உண்டு. வியாபாரிகள் பலர் முன்கூட்டியே பேசிக் கொண்டு, ஒருவருக்கொருவர் போட்டியாகக் கேட்காமல் வாய்மூடி இருந்துவிடுவார்கள். பொருள் ஒருவரிடம் மலிவாகப் போய்ச் சேரும். பிறகு தங்களுக்குள்ளே தனியாக மறு ஏலம் போட்டு லாபத்தைப் பங்கிட்டுக் கொள்வார்கள். இதைக் குற்றமாக்கி 1927-இல் இங்கிலாந்தில் சட்டமே செய்தார்கள். ஆனாலும் சட்டத்தைவிடப் பெரிய காவல், பொருளின் மதிப்பு அறிந்த ஒருவர் "இந்த விலைக்குக் கீழே கொடுக்க மாட்டோம்" என்று முன்னதாகவே குறித்து வைப்பதுதான்.

சரி, இழுப்பறையின் அடிப்பக்கத்தில் அப்படி என்ன எழுதியிருக்கிறது? மேல்பக்கத்துக்கு யார் வேண்டுமானாலும் மெருகு போடலாம்; அடிப்பக்கத்துக்கு மெருகு போட யாருக்கும் தோன்றுவதில்லை. கைரம்பம் அறுத்த மரத்தில் கோடுகள் நேராக இருக்கும். யந்திரத்தின் வட்ட ரம்பம் அறுத்திருந்தால் வளைந்திருக்கும். பலகைகளைப் புறா வாலைப் போல் வெட்டி ஒன்றுக்குள் ஒன்று கோக்கும் மூட்டுக்களைக் கையால் வெட்டியிருந்தால், அவை அச்சடித்தாற்போல் ஒரே அளவாக இரா. நூறு வருஷம் இழுத்து மூடிய இழுப்பறை, ஓடும் இடத்தில் தேய்ந்திருக்கும். பழைய வட்ட மேஜையை அளந்து பார்த்தால் அது சரியான வட்டமாயிராது. மரம் நாருக்குக் குறுக்கே சுருங்குமே தவிர, நாரின் நெடுக்கே அவ்வளவாகச் சுருங்குவதில்லை.

மரத்தின் ஜாதியும் சரித்திரம் சொல்லும். 1721-இல் தங்கள் காலனிகளிலிருந்து வரும் மரத்துக்கு இங்கிலாந்து சுங்க வரியை நீக்கிற்று. அதன் பிறகு ஜமெய்க்காவின் மஹாகனி மரம் கப்பல் கப்பலாக வந்து, சீமான்களின் மாளிகைகளில் சாப்பாட்டு மேஜையாயிற்று. காட்டில் அதை வெட்டிச் சாய்த்தவர்கள் அடிமைகள். ஏலப் பட்டியலில் செய்த தச்சரின் பெயர் சில சமயம் இருக்கும். வெட்டியவரின் பெயரைக் காணோம்.

1965-இல் பி.பி.சி.யார் "கோயிங் ஃபார் எ ஸாங்" என்ற நிகழ்ச்சியை ஆரம்பித்தார்கள். ஒரு பாட்டுக்கு விற்றுப் போகிறது என்பது சொற்பொருள். அடிமாட்டு விலைக்குப் போகிறது என்று நாம் சொல்வோமே, அதுதான் கருத்து. தொடக்கத்தில் கூண்டுக்குள் ஒரு யந்திரப் பறவை பாடும். பிறகு மேஜைமேல் ஒரு பழம்பொருளை வைப்பார்கள். விருந்தினர்கள் அதன் விலையை ஊகித்துச் சொல்வார்கள். அப்புறம் நிபுணர்கள் சொல்வார்கள். அந்த நிபுணர்களில் ஜனங்களின் மனத்தைக் கவர்ந்தவர் நீகஸ். அப்போது அவருக்கு வயது 62! மற்றவர்கள் பென்ஷன் கணக்குப் போடும் வயதில் அவர் தேசம் முழுவதும் அறிந்த முகமானார். நிகழ்ச்சி 1977 வரையில் நடந்தது.

1979-இல் "ஆன்டீக்ஸ் ரோட்ஷோ" ஒளிபரப்பாகத் தொடங்கியது. நிபுணர்கள் ஊர் ஊராகப் போவார்கள். ஜனங்கள் தங்கள் வீட்டுப் பரணிலிருந்து எடுத்த சாமான்களோடு வரிசையில் நிற்பார்கள். இன்னது, இத்தனை வயது, இன்ன விலை பெறும் என்று காசு வாங்காமல் சொல்வார்கள். நீகஸ் 1983 வரை அதில் பங்கு கொண்டார். 1982-இல் அவருக்கு ஓ.பி.ஈ. விருது கிடைத்தது. 1985-இல் காலமானார். அந்த நிகழ்ச்சி இன்னும் நடந்து வருகிறது.

அந்த வரிசையில் நிற்பவர்களில் பலருக்குக் குபேர சம்பத்து ஒன்றும் கிடைப்பதில்லை. "இது பின்னால் செய்த நகல்" என்றுகூட நிபுணர் சொல்லக்கூடும். ஆனால், நல்லதோ கெட்டதோ, பொருளுக்கு உடையவளிடம், அவள் முகத்தைப் பார்த்து, உண்மை சொல்லப்படுகிறது. அத்தைக்குக் கிடைக்காதது அதுதான்.

அந்த வியாபாரியைக் குறை சொல்லி இந்தக் கட்டுரையை முடித்துவிடலாம். முடிக்க விடாமல் ஒரு விஷயம் நெஞ்சை உறுத்துகிறது. சென்னைக் கடையில் கண்ட விலையை நாம் அத்தையிடம் சொல்லவேயில்லை. "பெட்டி எங்கே இருக்கிறதோ, பாவம்!" என்று அவள் இரண்டொரு தடவை சொன்னபோதெல்லாம் பத்திரிகையைப் பிரித்து முகத்தை மறைத்துக் கொண்டோம். வியாபாரி லாபத்துக்காக மறைத்தார். நாம் மானத்துக்காக மறைத்தோம். அத்தை காலமாகும் வரையில், அவளுடைய பெட்டியின் கதையை அறிந்தவர்கள் அவளைத் தவிர மற்றவர்களே.

போன மாதம் அடுத்த வீட்டுப் பாட்டி ஒரு பித்தளைக் குத்துவிளக்கைக் கொண்டு வந்தாள். "உருக்கிப் போடலாமா, தம்பி?" என்று கேட்டாள். விளக்கைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்தோம். நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. "எனக்குத் தெரியாது, பாட்டி! தெரிந்தவர்கள் இரண்டு பேரிடம் காட்டும் வரையில் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்" என்றோம். பாட்டி நம்மைச் சற்று ஏமாற்றத்துடன் பார்த்துவிட்டு, விளக்கை இடுப்பில் இடுக்கிக் கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.