ஹெர்குலேனியத்தில் ஒரு வாக்குவாதம்

பொம்பெயியின் வீதிகளில் முதல் நாள் முழுவதும் வெயிலில் அலைந்து களைத்திருந்த எங்கள் கோஷ்டியில், மறுநாள் ஹெர்குலேனியத்துக்கு உற்சாகமாகப் புறப்பட்டவர்கள் அதிகமில்லை. ஆனால் அவ்வூரின் விளிம்பில் நின்று குனிந்து பார்த்த மாத்திரத்தில் சோர்வு பறந்துவிட்டது. இன்றைய எர்க்கொலானோ நகரத்தின் வீடுகளும் அவற்றின் மாடிகளில் உலரும் துணிகளும் மேலே இருக்க, சுமார் 20 மீட்டர் ஆழத்தில் பண்டைய ஊர், சுவரும் வாசலும் மச்சுமாகக் கிடக்கிறது. கி.பி. 79-ல் வெசுவியஸ் எரிமலை வெடித்தபோது, பொம்பெயியின் மீது சாம்பலும் நுரைக்கல்லும் மழையாய்ப் பொழிந்து கூரைகளை நொறுக்கின. இவ்வூரின் மீதோ கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கலந்த பிரவாகம் பாய்ந்து, மரத்தை நீறாக்காமல் கரியாக்கி, பிறகு பாறைபோல் இறுகி மூடிக்கொண்டது.

ஒரு வீட்டில், முன்கூடத்துக்கும் உள் அறைக்கும் நடுவே மரத் தடுப்பு ஒன்று, கன்னங்கரேலென்று, ஆனால் சட்டங்களின் விளிம்புகூடச் சிதையாமல், விளக்கு மாட்டும் வெண்கலக் கொக்கிகளோடு நிற்கிறது. கடல் கொண்ட காவிரிப்பூம்பட்டினத்தைப் பற்றிக் கேட்டு வளர்ந்த நமக்கு, மாண்ட நகரம் என்றாலே ஒன்றும் மிஞ்சாத நகரம் என்றுதான் தோன்றும். ஒரு குடும்பம் தினந்தோறும் சாத்தித் திறந்த கதவு எதிரே நிற்பதைக் கண்டபோது எனக்குப் பேச்செழவில்லை.

அங்கிருந்து பழைய கடற்கரைக்கு இறங்கினோம். வளைந்த கூரையுள்ள படகுக் கொட்டில்கள் அங்கே வரிசையாக இருக்கின்றன. தப்புவதற்காக ஓடிவந்து அவற்றில் ஒதுங்கியவர்களும் வெளியே மணலில் நின்றவர்களுமாக, 300-க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் 1980 முதல் நடந்த அகழ்வுகளில் வெளிப்பட்டன. கொட்டில்களுக்குள் இருந்தவர்களில் பெண்களும் குழந்தைகளுமே அதிகம். ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சாய்ந்து கிடந்த அந்தக் கூடுகளை எங்களவர் சிலர் படம்பிடிக்கத் தொடங்கியதும், தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த மூதாட்டி ஒருவர் உரத்த குரலில், “யார் பெற்ற பிள்ளைகளோ! ஒரு பிடி மண் போட நாதியில்லாமல் கிடத்திவைத்து, படம் வேறேயா?” என்று கேட்டார்.

கூட வந்த ஓய்வுபெற்ற பொறியியலாளருக்கு அது பொறுக்கவில்லை. “அம்மா, இவர்கள் என்ன உண்டார்கள், எந்த நோயால் வருந்தினார்கள் என்பதை இந்த எலும்புகள்தாமே நமக்குச் சொல்கின்றன!” என்றார்.

“சொல்லட்டும், தம்பி. கேட்டுக்கொண்ட பிறகாவது மண்ணில் வைக்கலாம் அல்லவா?”

விஷயம் இன்னதென்று விசாரித்து அறிந்த வழிகாட்டிப் பெண், இங்கே தெரிபவை அச்செடுத்துச் செய்த பிரதிகள் என்றும், அசல் எலும்புகளை ஆராய்ச்சிக்காக அப்புறப்படுத்திவிட்டார்கள் என்றும் விளக்கினாள். பொறியியலாளரின் முகம் மலர்ந்தது. மூதாட்டி சற்று யோசித்து, “அப்படியானால் நேற்றுப் பார்த்தோமே, சுண்ணாம்புப் பொம்மைகள் மாதிரி, அவை?” என்றார்.

அவற்றின் வரலாறு வேறு. சாம்பலுக்குள் உடல்கள் அழிந்து உண்டான வெற்றிடங்களில் ஜிப்சம் சாந்தை ஊற்றி அந்த உருவங்களை வார்க்கும் முறையைத் தொல்லியலாளர் ஃபியொரெல்லி 1863-ல் கையாண்டார். உள்ளே தங்கியிருந்த எலும்புகள் சாந்தோடு சேர்ந்து இறுகிப்போயின. எலும்பாகத் தெரிவது இங்கே பிரதி. சிற்பமாகத் தெரிந்ததோ, அங்கே மெய்யான பிரேதம். அவற்றில் ஒன்றின் மடிந்த கால்களையும் முகத்தை மறைத்த கைகளையும் வெகுநேரம் கலையழகாகவே ரசித்துக்கொண்டு நின்ற எனக்கு, இதைக் கேட்டதும் நெஞ்சு கனத்தது.

ஆராய்ச்சியே வேண்டாம் என்று அந்த அம்மாள் சொல்லவில்லை. அறிவுக்கு உதவிய உடலுக்கு அறிந்தவர்கள் செய்யவேண்டிய கடன் ஒன்று உண்டு என்றுதான் சொன்னார், என் மனம் முழுக்க அவர் பக்கமே சாய்ந்தது. நேப்பிள்ஸுக்குத் திரும்பும் ரயிலில் பொறியியலாளர் தாமாகவே ஒரு யோசனை சொன்னார்: பொம்பெயி உருவங்களுக்கும் பிரதி எடுத்து வைத்துவிட்டு, எலும்புள்ளவற்றை அடக்கம் செய்துவிடலாம். “அது நியாயம்” என்று ஒப்புக்கொண்ட மூதாட்டி, குழந்தையின் உருவத்துக்குப் பிரதிகூடக் கூடாது என்று உடனே ஒரு நிபந்தனை போட்டார். அதற்கு அவர் இணங்கவில்லை. வண்டி ஊர் சேரும்வரை, எங்கள் கோஷ்டி இரு கட்சியாகப் பிரிந்து அதைத்தான் விவாதித்துக்கொண்டிருந்தது.