முதலில் மரணப் பக்கம்

தீபாவளிக்கு முதல் நாள் எங்கள் வீட்டில் இலை எண்ணுவது அம்மாவின் வேலை. 2023இல் ஆறு இலை. கிள்ளானில் நாங்கள் இருக்கும் வரிசையில் அன்று பிற்பகல் எல்லா வீட்டிலிருந்தும் ஆட்டிறைச்சிப் பிரட்டலும் சாம்பிராணியும் கலந்த வாசம்தான். செத்தவர்களுக்குப் படைத்த பிறகே மறுநாள் எண்ணெய்க் குளியல்.

படையலில் ஒளிவுமறைவு கிடையாது. தாத்தாவுக்கு ஸ்டவுட், மூடி திறந்து வைக்க வேண்டும். அப்பாவுக்கு ஒரு சிகரெட், பற்றவைத்து இலையோரம். நுரையீரல் கெட்டுத்தான் போனார். ஆனாலும் சிகரெட் உண்டு. டாக்டர் சொன்னதெல்லாம் உயிரோடு இருக்கிற வரைக்கும்தான் என்பது அம்மாவின் கட்சி.

ஓரத்து இலை பாட்டியின் அண்ணனுக்கு. கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் சீவிக்கொண்டிருந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது லோரியில் ஏற்றிப் போய்விட்டார்கள். தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர். 1943 அக்டோபரில் இரு பக்கத்துத் தண்டவாளமும் ஒன்று சேர்ந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவே இல்லை. அங்கே மாண்ட வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. எங்கள் ஆளுக்கு இந்த இலைதான். இறந்த தேதி தெரியாது, திதி கொடுக்க வழியில்லை. தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர் எல்லோருக்கும் பொது என்று பாட்டி அவரையும் சேர்த்துக்கொண்டார். நெத்திலிக் கருவாடு வைப்பார். நெத்திலி அண்ணனுக்குப் பிடித்ததா, பாட்டிக்குப் பிடித்ததா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இப்போது கேட்க ஆளில்லை. அம்மாவும் நெத்திலியே வைக்கிறார்.

ஆறாவது இலைக்காரர் எங்களுக்கு உறவே இல்லை. மசாஜ் மாமா.

அப்பா ரயில்வேயில் இருந்ததால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸில்தான் நான் வளர்ந்தேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர்கள் கட்டிய வீடுகள். பின்னால் இடித்துவிட்டார்கள். அந்த வீடுகள் நின்ற ஜாலான் ரொசாரியோவும் ஜாலான் சான் ஆ தோங்கும் பெயர்ப்பலகையோடு அப்படியே இருக்கின்றன. பக்கத்தில் ஜாலான் தம்பிப்பிள்ளையும் இருக்கிறது. அங்கே சாப்பிடப் போகிறவர்களில் எத்தனை பேர் தம்பிப்பிள்ளை யார் என்று கேட்டிருப்பார்கள்? ரோட்டுக்குப் பெயர் வைத்துவிட்டால் ஆளை மறக்க அனுமதி கிடைத்துவிடுகிறது.

மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில் இருப்பதால் வெள்ளைக்கோலும் கையுமாக நடப்பவர்கள் அந்த வட்டாரத்தில் அதிகம். மசாஜ் தொழில் கற்றுக்கொண்டு அங்கேயே அறை எடுத்துத் தங்கியவர்கள் பலர். மாமா அவர்களில் ஒருவர். கல்யாணம் இல்லை. காலையில் ஒட்டுக்கடையில் கோப்பி ஓ குடித்துக்கொண்டே, பள்ளி இல்லாத நாட்களில் என்னைப் பிடித்து உட்காரவைத்து 'தமிழ் நேசன்' படிக்கச் சொல்வார்.

"முதல்ல மரணப் பக்கம்டா தம்பி. அரசியல் எங்கயும் ஓடிப் போயிடாது."

நான் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். பாசமிகு தந்தை, அன்புத் துணைவி, சிவபதம் அடைந்தார், மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள், நல்லுடல் இத்தனை மணிக்கு இந்த மின்சுடலைக்கு. எல்லாம் ஒரே அச்சு. ஒரு நாள் சலித்துப்போய் நேற்று படித்ததையே பெயரை மாற்றிப் படித்தேன். மாமாவுக்கு வித்தியாசம் தெரியவில்லை என்று நினைத்தேன். "ரெண்டு குடும்பத்துக்கும் அதே எட்டுப் பேரப்பிள்ளையாடா?" என்று காதைத் திருகினார்.

அவருக்கு வேண்டியது இரண்டு. ஒன்று வயது. வயசு முன்னால, செத்த தேதி பின்னால வைத்து லாட்டரிக்கு நாலு நம்பர் எடுப்பார். அம்மா இதற்காக அவரைத் திட்டாத நாளில்லை. "செத்தவங்க மேல கூடவா சூதாட்டம்?" "அவங்க எனக்குக் குடுத்துட்டுப் போறது தங்கச்சி, நான் புடுங்கல" என்பார். பெரிதாக எதுவும் விழுந்ததாக எனக்கு நினைவில்லை.

இன்னொன்று, பேப்பர்காரன் விட்டது. ஒரு பெயரைப் படித்ததும் நிறுத்தச் சொல்லிவிட்டு அவர் ஆரம்பிப்பார். இந்த ஆள் லெவல் கிராசிங்கில் கேட் போடுகிறவன், ஒரு நாள் கேட்டை மூடிவிட்டுத் தூங்கிப்போய் ஒரு பெரிய மனிதரின் காரை அரை மணி நேரம் நிறுத்தினான். இந்த அம்மா சீட்டுப் பிடித்ததில் ஒரு காசு யாருக்கும் குறைந்ததில்லை, ஆனால் வாயைத் திறந்தால் தெரு தாங்காது. பாசமிகு தந்தையாம், பெரிய மகனோடு இருபது வருடம் பேசவில்லை, எனக்குத் தெரியாதா. அச்சிலே எல்லோரும் ஒரே ஆளாகத் தெரிந்தவர்கள் மாமா வாயில் தனித்தனி ஆட்களாகி எழுந்து நடந்தார்கள். புகழ்ச்சியை விடக் குறையில்தான் ஆள் அடையாளம் தெரிகிறது என்று எனக்குப் பட்டது அந்த ஒட்டுக்கடையில்தான்.

அப்பா ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்து கிள்ளானுக்கு வந்தோம். மாமா ஒவ்வொரு படையலுக்கும் கொமுட்டர் ரயிலில் வந்து, செத்தவர்களுக்கு அடுத்த பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுப் போவார். 2014இல் கவிஞர் சீனி நைனா முகம்மது மறைந்த செய்தியை நான்தான் அவருக்குப் படித்தேன். நம் நிகழ்ச்சிகளில் எழுந்து நின்று பாடும் தமிழ் வாழ்த்து அவர் எழுதியது. "நிக்கும்போது எவனாவது அவர நெனச்சானா?" என்று கேட்டார். நானும் நினைத்ததில்லை.

1924இல் தொடங்கிய 'தமிழ் நேசன்' 2019 ஜனவரியோடு நின்றுபோனது. மற்ற பேப்பர்கள் இருந்தன. ஆனால் அதற்குள் சாவுச் செய்தி போனுக்கு மாறிவிட்டது. குத்துவிளக்கும் மாலையும் போட்டு, படமாகச் செய்து அனுப்புகிறார்கள். மாமாவின் போன் எழுத்தை வாசித்துக் காட்டும் போன். படம் வந்தால் "போட்டோ" என்று மட்டும் சொல்லும். காலையில் எனக்கு அழைப்பு வரும்.

"தம்பி, மூணு போட்டோ வந்திருக்கு. யார் யாரு?"

அனுப்பச் சொல்லிப் பார்த்துப் படிப்பேன். சில சமயம் ஒன்று குழந்தையின் பிறந்தநாள் படமாக இருக்கும். வேலைக்குப் போகிற அவசரத்தில் போனை எடுக்காத நாட்களும் உண்டு. அதைப் பற்றி அதிகம் எழுத விரும்பவில்லை.

2021 ஜூலையில் சிலாங்கூரும் கோலாலம்பூரும் கொரோனாவில் மூடிக் கிடந்தபோது மாமா மருத்துவமனைக்குப் போனார், திரும்பவில்லை. மாவட்ட எல்லை தாண்ட முடியாது. உருமி மேளம் இல்லை, சிவபுராணம் இல்லை, தகனத்துக்கு நாங்கள் யாரும் இல்லை. அவரோடு அறையில் இருந்தவர் எனக்கு அனுப்பினார், படமாக. விளக்கு, மாலை, மாமாவின் அடையாள அட்டைப் புகைப்படம். அனுப்பியவரும் பார்வையற்றவர், யாரையோ கேட்டுச் செய்திருக்கிறார். மகன்கள், மருமகள்கள் என்று போட ஒன்றும் இல்லாததால் பெயருக்குக் கீழே நிறைய வெற்றிடம். சாம்பலைப் பாதை திறக்கும்வரை அறையிலேயே வைத்திருந்தார் அந்த நண்பர். அக்டோபரில் போர்ட் கிள்ளானில் படகு எடுத்துக் கரைத்தோம்.

அடுத்த ஆண்டு செப்டம்பர் 15 அன்று சாமிவேலு காலமானார். மஇகா என்கிற மலேசிய இந்தியக் காங்கிரஸின் தலைவராக 1979 முதல் 2010 வரை இருந்தவர். போன் குழுக்களில் பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் பழைய கணக்கைப் பிரித்தார்கள். அம்மா சொன்னது ஒன்றே ஒன்று: "ரேடியோவில தமிழ்ச் செய்தி வாசிச்சாரே, அந்தக் குரல அண்ணன் அடிக்கடி சொல்வாரு." 2023 செப்டம்பரில் எழுத்தாளர் சை. பீர்முகம்மது. மலேசியத் தமிழ்ச் சிறுகதைகளைத் தேடித் தேடி 'வேரும் வாழ்வும்' என்று தொகுத்தவர். செய்தி படமாகத்தான் வந்தது. மாமாவுக்குப் படித்துச் சொல்ல வேண்டுமே என்று எண்ணைத் தேடி, பாதியில் நிறுத்தினேன்.

படையலன்று மாமாவின் இலைக்குக் கோப்பி ஓ, சீனி குறைவாக. பக்கத்தில் அன்றைய பேப்பர். வைத்தால் போதாது, படிக்க வேண்டும் என்று அம்மா ஒரு சட்டம் கொண்டுவந்திருக்கிறார். தமிழ்ப்பள்ளியில் அப்போது ஆறாம் ஆண்டு படித்த என் மகன் இலை முன்னால் உட்கார்ந்து மரணப் பக்கத்தை விரித்தான். தீபாவளி வாழ்த்து விளம்பரங்களுக்கு நடுவே ஒரே ஒரு அறிவிப்பு. செந்தூலில் ஒரு பாட்டி. அன்புத் தாயார், இறைவனடி சேர்ந்தார், மகன்கள், மகள்கள்.

"பா, இவங்க என்ன வேல செஞ்சாங்க? போடலையே?"

எனக்குத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டோம். செந்தூலில் அந்தப் பெயரில் யாரையும் அவருக்கும் தெரியாது.

சற்று நேரம் கழித்து அடுப்படியிலிருந்தே குரல் வந்தது. "வயசு எத்தனன்னு படிச்சான்?"

"எண்பத்து நாலு."

"என்னைக்குத் தவறிச்சாம்?"

"நேத்து. பத்தாம் தேதி."

சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். மணியைப் பார்த்தார். "இன்னிக்குச் சனிக்கிழமதானே? கடை அடைக்குறதுக்குள்ள போயிட்டு வந்துரு. எட்டு நாலு ஒண்ணு சைபர். பெரிசு ஒரு வெள்ளி, சின்னது ஒரு வெள்ளி."